புது த்ராட்டிலில் ஆறு வயர், பழையதில் மூன்று: எதை எதோடு சேர்ப்பது?

கொருக்குப்பேட்டை_பையன் | வெள்ளி, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் சைக்கிள் விஷயமாக உதவி வேண்டும், கொஞ்சம் அவசரம்.

அப்பாவுக்கு மீன் வியாபாரம். விடியற்காலை 3 மணிக்குக் காசிமேடு போய் ஏலத்தில் எடுத்து, பின் கேரியரில் பெட்டி கட்டி, வியாசர்பாடி பக்கம் தெருத் தெருவாக விற்றுவிட்டு வருவார். 58 வயது, முட்டி வலி. அதனால் போன வருஷம் அவருடைய பழைய சைக்கிளிலேயே 36 வோல்ட் 250 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவில் உட்காரும் மோட்டார்) கிட் ஒன்றை நானே மாட்டிக் கொடுத்தேன். ஒரு வருஷம் நன்றாக ஓடியது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டுகள் கடலுக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து ஒரு தொல்லை. த்ராட்டிலில் (ஹேண்டிலில் வேகத்தைக் கூட்டுகிற பிடி) கையே வைக்காமல் மோட்டார் மெல்ல இழுக்கிறது. சில நாள் இழுக்காது, சில நாள் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது என்கிறார். நேற்று கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தபோது சைக்கிள் தானாக ஒரு முழம் முன்னால் போய் முன்னால் நின்ற வண்டியில் இடித்திருக்கிறது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை.

த்ராட்டிலைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே மீன் தண்ணீர் வாடை, கனெக்டர் பின்களில் பச்சையாகக் களிம்பு. சரி, மாற்றிவிடலாம் என்று புதிதாக ஒன்று வாங்கினேன். கட்டைவிரலால் அழுத்துகிற மாடல், பேட்டரி அளவு காட்டும் மூன்று விளக்கும் ஒரு பட்டனும் இருக்கின்றன. இங்கேதான் குழப்பம். பழையதில் சிவப்பு, கருப்பு, பச்சை என்று மூன்றே வயர். புதியதில் சிவப்பு, கருப்பு, பச்சை, மஞ்சள், நீலம், வெள்ளை என்று ஆறு. கூட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கடையில் கேட்டால் "எல்லாத்துக்கும் பொதுவா வர்றதுதான்" என்கிறார்கள். எதை எதோடு சேர்ப்பது?


பெரம்பூர்_பெடல் | வெள்ளி, இரவு 10.15

நண்பா, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? சிவப்போடு சிவப்பு, கருப்போடு கருப்பு, பச்சையோடு பச்சை. மீதி மூன்றையும் வெட்டி டேப் சுற்றி விட்டுவிடுங்கள். நான் என் சைக்கிளில் அப்படித்தான் செய்தேன், ஐந்து நிமிட வேலை.


தேரடி_அக்கா | வெள்ளி, இரவு 10.40

தம்பி, தயவுசெய்து கலரைப் பார்த்துச் சேர்க்காதே. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நான் திருவொற்றியூரில் தையல் கடை வைத்திருக்கிறேன், துணி கொண்டுபோய்க் கொடுக்க இதே மாதிரி கிட் போட்ட சைக்கிள்தான். என் பழைய த்ராட்டிலிலும் பேட்டரி விளக்கு இருந்தது, அதனால் கன்ட்ரோலரிலிருந்து (மோட்டாருக்குக் கரண்ட் விடுகிற பெட்டி) பேட்டரி கரண்ட் நேராக ஒரு மெல்லிய மஞ்சள் வயரில் ஹேண்டில் வரைக்கும் வரும். அது எனக்குத் தெரியாது. புதிய த்ராட்டிலிலும் மஞ்சள் இருந்தது, மெக்கானிக் மஞ்சளோடு மஞ்சளைச் சேர்த்தார். புதியதில் அந்த மஞ்சள்தான் சிக்னல் வயராம். சாவியைத் திருப்பியதும் "டப்" என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். 5 வோல்ட் தாங்குகிற இடத்தில் 36 வோல்ட் போயிருக்கிறது. அன்றைக்குத்தான் ஃபுல் சார்ஜ் போட்டிருந்தேன், அப்படியென்றால் 42 வோல்ட்.

த்ராட்டில் மட்டும் போகவில்லை. கன்ட்ரோலர் போனது. மோட்டாருக்குள்ளே இருக்கிற சென்சார்களும் அதே 5 வோல்ட் லைனில்தான் இருக்கின்றன, அவையும் போயின. சில நூறு ரூபாய்ச் சாமானை மாற்றப் போய் மோட்டாரையே பிரிக்க வேண்டியதாகிவிட்டது. ஆடி மாதத் தையல் வேலை குவிந்து கிடந்த நேரத்தில் பத்து நாள் நடந்தே துணி கொடுத்தேன்.


சால்டர்_சித்தப்பா | வெள்ளி, இரவு 11.20

தேரடிக்காரர் சொல்வது முற்றிலும் சரி. பெரம்பூர் நண்பருக்கு அது வேலை செய்தது அவருடைய த்ராட்டில் கலர் பொருந்தி வந்ததால்தான். இந்தச் சாமான்களில் கலருக்கு என்று பொதுவான சட்டம் எதுவும் கிடையாது. ஒரே கடையில் வாங்கிய இரண்டு த்ராட்டிலில்கூடக் கலர் மாறியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வயரின் கலரைக் கேட்காதீர்கள், மீட்டரைக் கேளுங்கள்.

தம்பி, முதலில் அப்பாவிடம் சொல்லிவிடு, இந்த வேலை முடிகிற வரைக்கும் மோட்டாரை ஆன் செய்யாமல் பெடல் மிதித்தே போகட்டும். கஷ்டம்தான், தெரியும். ஆனால் தானாக இழுக்கிற சைக்கிளோடு கன்டெய்னர் லாரிக்குப் பக்கத்தில் போகக் கூடாது.

த்ராட்டிலுக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. உள்ளே மிளகு அளவில், கருப்பாக, மூன்று கால் உள்ள ஒரு ஹால் சென்சார் இருக்கிறது. நீ அழுத்தும்போது ஒரு சின்னக் காந்தம் அதன் முன்னால் நகர்கிறது. சென்சாருக்கு ஒரு காலில் 5 வோல்ட் கொடுக்கிறோம், ஒரு கால் கிரவுண்ட் (மைனஸ்), மூன்றாவது காலில் சிக்னல் வெளியே வருகிறது. கையை எடுத்திருந்தால் சிக்னல் சுமார் 0.8 வோல்ட், முழுக்க அழுத்தினால் 3.6 முதல் 4.2 வரைக்கும். கன்ட்ரோலர் இந்த ஒரு எண்ணைத்தான் பார்க்கிறது. 1 வோல்ட்டைத் தாண்டிக் கொஞ்சம் மேலே போனதும் மோட்டாருக்குக் கரண்ட் விட ஆரம்பிக்கும்.

இப்போது உன் பழைய த்ராட்டிலுக்கு என்ன வந்தது என்று பார். அப்பா ஐஸும் உப்பும் கலந்த மீன் தண்ணீர்க் கையோடு பிடிக்கிறார். அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கி 5 வோல்ட் காலுக்கும் சிக்னல் காலுக்கும் நடுவே தேங்கினால், உப்புத் தண்ணீர் கரண்டைக் கடத்துமே, 0.8 இருக்க வேண்டிய இடத்தில் 1.3, 1.4 என்று ஏறிவிடும். கன்ட்ரோலர் யாரோ லேசாக அழுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறது. காய்ந்த நாளில் இழுக்காது, ஈரமான நாளில் இழுக்கும். நீ சொன்ன அறிகுறி அப்படியே பொருந்துகிறது.

நாளைக்கு ஒரு மல்டிமீட்டர் ஏற்பாடு செய், சாதாரண மீட்டர் போதும். மீதியை நாளை எழுதுகிறேன், கண் எரிகிறது.


கொருக்குப்பேட்டை_பையன் | சனி, காலை 7.05

ரொம்ப நன்றி சித்தப்பா, அக்காவுக்கும் நன்றி. அப்பா இன்று பெடல் மிதித்தே போனார். மதியம் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட் போகிறேன். மீட்டரோடு வேறு என்ன வாங்கி வரட்டும்?


சால்டர்_சித்தப்பா | சனி, காலை 8.30

சால்டரிங் அயர்ன், ஈயம், ஒட்டும் பசை உள்ளே தடவிய ஹீட் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி வயரை மூடும் குழாய்) இரண்டு அளவில், வாட்டர் புரூஃப் மூன்று பின் கனெக்டர் ஒரு ஜோடி. பசை இல்லாத ஸ்லீவ் வாங்காதே, அது சுருங்கும், ஆனால் தண்ணீரை நிறுத்தாது. வீட்டில் பழைய மொபைல் சார்ஜர் ஒயர் ஒன்று கிடந்தால் எடுத்து வை, அது இன்றைக்கு நமக்கு ரொம்ப முக்கியம்.


பெரம்பூர்_பெடல் | சனி, காலை 9.10

சித்தப்பா, நான் சொன்னது தவறுதான், ஏற்றுக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். புதுப்பேட்டையில் பழைய ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய த்ராட்டில் மலிவாகக் கிடைக்கிறது, அதிலும் மூன்று வயர்தான். அதைப் போடலாமா?


சால்டர்_சித்தப்பா | சனி, காலை 9.25

பார்த்துத்தான் வாங்க வேண்டும். சில பழைய வண்டிகளில் ஹால் சென்சார் இருக்காது, ரேடியோ வால்யூம் திருகு மாதிரி பொட்டன்ஷியோமீட்டர் இருக்கும், பெரும்பாலும் 5 கிலோ ஓம். மீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு இரண்டு வயராக அளந்து பாருங்கள். ஒரு ஜோடியில் திருகினாலும் மாறாமல் 5 கிலோ ஓம் பக்கம் காட்டி, மற்ற ஜோடிகளில் திருகத் திருக எண் சீராக ஏறி இறங்கினால் அது அந்த வகை. ஹால் த்ராட்டிலுக்கு என்று செய்த கன்ட்ரோலரில் அதை மாட்ட வேண்டாம். அது கையை எடுத்தால் 0 வோல்ட், முழுக்கத் திருகினால் முழு 5 வோல்ட் கொடுக்கும். கன்ட்ரோலர் எதிர்பார்ப்பது அது இல்லை.


சால்டர்_சித்தப்பா | சனி, மாலை 6.40

தம்பி, சாமான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். இப்போது சொல்வதை அவசரப்படாமல் செய்.

முதலில் கன்ட்ரோலர் பக்கம். பேட்டரியைக் கழற்றி, பழைய த்ராட்டில் கனெக்டரைப் பிரித்துவிடு. சைக்கிளை ஸ்டாண்டில் போட்டு, மோட்டார் சக்கரம் தரையில் படாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பேட்டரியை மறுபடி மாட்டிச் சாவியைத் திருப்பு. கன்ட்ரோலரிலிருந்து வருகிற மூன்று பின்னில், மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து அள. கருப்பு முனையைப் பேட்டரி மைனஸில் வைத்துச் சிவப்பு முனையால் தொடும்போது 4.3 முதல் 5.1 வோல்ட்டுக்குள் காட்டுகிற பின்தான் பிளஸ். பேட்டரியைக் கழற்றியபின், மீட்டரை பீப் சத்தத்தில் வைத்தால் கன்ட்ரோலரின் பேட்டரி மைனஸ் வயரோடு பீப் அடிக்கிற பின் கிரவுண்ட். மூன்றாவது சிக்னல், அதில் இப்போது ஏறக்குறைய 0 இருக்கும். மீட்டர் முனைகள் இரண்டு பின்னை ஒன்றாகத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள், அந்த ஒரு விநாடியில் 5 வோல்ட் லைன் போய்விடும். அளந்ததும் பேட்டரியைத் திரும்பக் கழற்று.

அடுத்தது புதிய த்ராட்டில். அதன் மூடியைத் திற, சின்ன ஸ்க்ரூ இரண்டு மூன்று இருக்கும். உள்ளே சென்சாரைத் தேடு. எழுத்து பொறித்த பக்கத்தை உன்னைப் பார்க்க வைத்து, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், இந்த வகைத் த்ராட்டிலில் வழக்கமாகப் போடுகிற 49E சென்சாரில் இடது கால் 5 வோல்ட், நடுக்கால் கிரவுண்ட், வலது கால் சிக்னல். மீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, ஒவ்வொரு காலிலிருந்தும் எந்தக் கலர் வயரில் பீப் வருகிறது என்று பார்த்துப் பேப்பரில் எழுது. மனசில் வைத்துக்கொள்ளாதே, எழுது. மீதி வயர்களில் எந்த இரண்டு வயருக்கு நடுவே, பட்டனை அழுத்தினால் மட்டும் பீப் அடிக்கிறதோ அவை பட்டனுடையவை. விளக்குப் பலகைக்குத் தனியாகப் போவது பேட்டரி வயர்.


கொருக்குப்பேட்டை_பையன் | சனி, இரவு 10.30

செய்துவிட்டேன் சித்தப்பா. கை நடுங்கியது, ஆனால் செய்துவிட்டேன்.

கன்ட்ரோலர் பக்கம்: சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவே 4.93. பச்சை சிக்னல்.

புதிய த்ராட்டில்தான் அதிர்ச்சி. இடது கால் மஞ்சள் வயருக்குப் போகிறது! நடுக்கால் கருப்பு, வலது கால் பச்சை. சிவப்பு வயர் விளக்குப் பலகைக்குத்தான் போகிறது, அதாவது பேட்டரி வயர். நீலமும் வெள்ளையும் பட்டன். பெரம்பூர் அண்ணன் சொன்னபடி சிவப்போடு சிவப்பைச் சேர்த்திருந்தால் சென்சாருக்குக் கரண்டே போயிருக்காது. வண்டி ஓடவில்லையே என்று நான் ஒவ்வொரு வயராக மாற்றி மாற்றிச் சொருகிப் பார்த்திருப்பேன், பிளஸும் மைனஸும் மாறிச் சென்சார் போயிருக்கலாம்.


தேரடி_அக்கா | சனி, இரவு 10.45

படிக்கும்போதே எனக்கு வயிறு கலங்கியது. நல்லவேளை, தப்பித்தாய் தம்பி.


சால்டர்_சித்தப்பா | சனி, இரவு 11.00

அருமை. இன்னும் சைக்கிளில் மாட்டாதே. சார்ஜர் ஒயரின் மறுமுனையை வெட்டி உள்ளே சிவப்பையும் கருப்பையும் வெளியே எடு, அது 5 வோல்ட். அதிலும் கலரை நம்பாமல் மீட்டரால் அளந்துவிடு, எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி வந்தால் தலைகீழாகப் பிடித்திருக்கிறாய். பிளஸை த்ராட்டிலின் மஞ்சளுக்கும், மைனஸைக் கருப்புக்கும் கொடு. மாற்றிக் கொடுத்தால் சென்சார் போய்விடும். மீட்டரின் சிவப்பு முனை பச்சையில், கருப்பு முனை கருப்பில். அழுத்தாமல் எவ்வளவு, முழுக்க அழுத்தினால் எவ்வளவு, விட்டதும் திரும்ப வருகிறதா, இந்த மூன்றும் வேண்டும். கன்ட்ரோலரை ஆபத்தில் விடாமல் த்ராட்டிலைச் சோதிக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.


கொருக்குப்பேட்டை_பையன் | ஞாயிறு, காலை 9.15

அழுத்தாமல் 0.84. முழுக்க அழுத்தினால் 3.71. இருபது தடவை அழுத்தி விட்டேன், ஒவ்வொரு தடவையும் 0.84க்கே வந்து நிற்கிறது. பழைய த்ராட்டிலையும் அதே மாதிரி அளந்தேன்: 1.36! ஹேர் டிரையரால் சூடு காட்டியதும் 1.02க்கு இறங்கியது. நீங்கள் சொன்னது அப்படியே கண்முன்னால் தெரிந்தது.


எண்ணூர்_ரோடு | ஞாயிறு, காலை 11.20

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். கிரவுண்ட் வயரைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஆறு மாதத்துக்கு முன்னால் எண்ணூர் விரைவுச் சாலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஓரமாகக் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும், தெரியுமே. ஒரு லாரியைச் சுற்றுவதற்காக ஹேண்டிலை நன்றாக வலப்பக்கம் திருப்பினேன். அந்த நிமிஷம் மோட்டார் முழு வேகத்தில் இழுத்தது. த்ராட்டிலில் என் கை இல்லை. இரண்டு பிரேக்கையும் பிடித்தும் சைக்கிள் நிற்காமல் முனகிக்கொண்டே போகிறது. எப்படியோ சாவியைத் திருப்பி நிறுத்தினேன். இறங்கி நின்றபோது என் கால் இரண்டும் வெடவெடவென்று ஆடின.

வீட்டுக்கு வந்து பார்த்தால், த்ராட்டிலின் கருப்பு வயர் ஹேண்டில் தண்டு திரும்புகிற இடத்தில் உள்ளுக்குள் அறுந்திருந்தது. மேலே உறை நன்றாகத்தான் இருந்தது, கம்பி மட்டும் அறுந்து, நேராக இருந்தால் தொட்டுக்கொண்டும் திருப்பினால் பிரிந்தும் இருந்திருக்கிறது. கிரவுண்ட் போய்விட்டால் சென்சாரின் சிக்னல் 5 வோல்ட்டை நோக்கி ஏறிவிடுகிறது. சிவப்போ பச்சையோ அறுந்தால் மோட்டார் நிற்கும், அவ்வளவுதான். கருப்பு அறுந்தால் ஓடும், அதுவும் முழு வேகத்தில். நல்ல கன்ட்ரோலர்கள் சிக்னல் அளவுக்கு மேல் ஏறினால் கோளாறு என்று கண்டுபிடித்து நிறுத்திவிடும். என்னுடையது நிறுத்தவில்லை.

எனக்கு இன்னொரு குறையும் இருந்தது. பிரேக் லீவரில் மோட்டாரை நிறுத்துகிற சுவிட்ச் கிட்டோடு வந்திருந்தது, பழைய லீவரே போதும் என்று நான் மாட்டவில்லை. அதை மாட்டியிருந்தால் பிரேக்கைத் தொட்டதுமே மோட்டார் நின்றிருக்கும்.


சால்டர்_சித்தப்பா | ஞாயிறு, பகல் 12.10

நான் இன்றைக்கு எழுத வைத்திருந்ததை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார். தம்பி, உன் அப்பாவின் சைக்கிளில் பிரேக் சுவிட்ச் இருக்கிறதா?


கொருக்குப்பேட்டை_பையன் | ஞாயிறு, பகல் 12.20

இல்லை சித்தப்பா. அப்பாவுக்குப் பழைய லீவர்தான் பிடிமானமாக இருக்கிறது என்று மாற்றவில்லை. கிட் டப்பாவில் புதிய லீவர் அப்படியே கிடக்கிறது. இதைப் படித்ததும் எடுத்து வெளியே வைத்துவிட்டேன்.


சால்டர்_சித்தப்பா | ஞாயிறு, பகல் 12.45

அப்படியென்றால் த்ராட்டிலுக்கு முன்னால் லீவரை மாட்டு. இரண்டு பக்கமும். கன்ட்ரோலரில் பிரேக்குக்கு என்று இரண்டு பின் கனெக்டர் தனியாகத் தொங்கும்.

அப்புறம் த்ராட்டில் வயர். மூன்று வயரையும் ஒரே நீளத்தில் வெட்டாதே, ஒரு விரல் இடைவெளி விட்டுப் படிப்படியாக வெட்டினால் மூன்று ஒட்டும் ஒரே இடத்தில் வராது, என்றைக்காவது உறை கிழிந்தாலும் ஒன்றை ஒன்று தொடாது. சால்டர் வைக்கும் முன்னாலேயே ஸ்லீவை வயரில் கோத்துவிடு. மஞ்சள் போய்க் கன்ட்ரோலரின் சிவப்போடு, கருப்பு கருப்போடு, பச்சை பச்சையோடு. விளக்கு வேண்டாம் என்றால் சிவப்பு, நீலம், வெள்ளை மூன்றையும் தனித்தனியாக ஸ்லீவ் போட்டு மூடு, ஒரே கட்டாகச் சுற்றாதே.

ஹேண்டில் தண்டுப் பக்கம் வயரைத் தாராளமாக விடு. ஹேண்டிலை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பினால் எந்த இடத்திலும் வயர் விறைக்கக் கூடாது.


ராயபுரம்_ரெண்டு_சக்கரம் | ஞாயிறு, மாலை 4.00

தண்ணீர் விஷயத்துக்கு என் பங்கு. எங்கள் பக்கம் கடற்காற்றுக்கே இரும்பு உரிந்து வரும், மீன் தண்ணீர் வேறு என்றால் கேட்கவே வேண்டாம். கனெக்டரின் வாய் கீழே பார்க்கிற மாதிரி கட்டுங்கள், அதற்கு முன்னால் வயர் ஒரு வளைவாகக் கீழே இறங்கி மேலே ஏறட்டும், வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பின்களில் லேசாக வாசலின் தடவிவிட்டுச் சொருகுங்கள். த்ராட்டில் மூடியின் இடுக்கை சிலிகான் பசையால் அடைக்கலாம், ஆனால் வினிகர் மாதிரி புளித்த வாடை வருகிற சிலிகான் வேண்டாம், அது செம்பை அரித்துவிடும். வாட்டர் சர்வீஸில் கொடுத்து அழுத்தமாகத் தண்ணீர் அடிக்கவும் கூடாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

இன்னொன்று. கட்டைவிரல் த்ராட்டிலில், இறங்கித் தள்ளும்போது தெரியாமல் விரல் பட்டுவிடும். பெட்டியோடு சைக்கிள் பாய்ந்தால் பிடிக்க முடியாது. இறங்கும் முன்னால் சாவியை அணைக்கப் பழக்கிவிடுங்கள்.


கொருக்குப்பேட்டை_பையன் | திங்கள், இரவு 9.40

முடிந்தது. லீவர் இரண்டும் மாட்டி, த்ராட்டிலை சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, வாசலின் தடவி எல்லாம் முடித்தேன். சக்கரத்தைத் தூக்கி வைத்துச் சோதித்தேன். அழுத்தினால் மெல்ல எடுக்கிறது, பாதி அழுத்தியபடி பிரேக்கைத் தொட்டால் உடனே நிற்கிறது. மீட்டரைச் சிக்னலில் வைத்துக்கொண்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் ஐம்பது தடவையாவது திருப்பினேன், 0.82, 0.83, அதைத் தாண்டவில்லை.

எண்ணூர் ரோடு அண்ணன் சொன்னதற்காக இன்னொன்றும் பார்த்தேன். சக்கரம் மேலேயே இருக்கும்போது கருப்பு வயரை மட்டும் கனெக்டரில் கழற்றி ஆன் செய்தேன். சக்கரம் முழு வேகத்தில் சுற்றியது. அதாவது எங்கள் கன்ட்ரோலருக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. பிரேக்கைப் பிடித்ததும் நின்றுவிட்டது, அது பெரிய ஆறுதல்.


சால்டர்_சித்தப்பா | திங்கள், இரவு 10.05

அதைச் செய்து பார்த்தது ரொம்ப நல்லது. கன்ட்ரோலரை மாற்ற வசதி வரும்போது அந்தப் பாதுகாப்பு உள்ளதாகக் கேட்டு வாங்கு. அதுவரைக்கும் மாதம் ஒரு தடவை ஹேண்டில் தண்டுப் பக்கம் அந்தக் கருப்பு வயரை விரலால் தடவிப் பார், எங்காவது தொளதொளவென்று வளைந்தால் உள்ளே கம்பி அறுந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.


பெரம்பூர்_பெடல் | திங்கள், இரவு 10.30

நானும் இன்று என் சைக்கிளைப் பிரித்துப் பார்த்தேன். கன்ட்ரோலர் பக்கம் வெட்டி டேப் சுற்றி விட்ட வயர்களில் ஒன்றில் 38 வோல்ட் இருந்தது. டேப் பாதி அவிழ்ந்து, த்ராட்டில் கனெக்டருக்கு ஒரு விரல் தூரத்தில். இப்போது ஸ்லீவ் போட்டு மூடிவிட்டேன். சித்தப்பாவுக்கு நன்றி.


கொருக்குப்பேட்டை_பையன் | செவ்வாய், காலை 10.50

அப்பா இன்று மோட்டாரோடு போய் வந்தார். 3 மணிக்குக் கிளம்பும்போது நானும் பின்னாலேயே பைக்கில் போனேன், மனசு கேட்கவில்லை. காசிமேடு வாசலில் இறங்கும் முன்னால் சாவியை அணைத்தார், நான் சொல்லாமலேயே. சங்கரா மீனும் கவலை மீனும் இரண்டு பெட்டி, மொத்தம் 30 கிலோ இருக்கும். கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது. இரண்டு காலையும் ஊன்றி, ஹேண்டிலில் இருந்து கையை எடுத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகம் துடைத்தார். சைக்கிள் அசையவில்லை.